கவசத்துக்குச் சிவப்பு பூசாதீர்கள்

பூமியைக் குறுக்கே வெட்டிக் காட்டும் படம் எல்லோருக்கும் நினைவிருக்கும். மேலே மெல்லிய பழுப்பு ஓடு, அடியில் தகதகவென்று சிவப்பில் கவசம், அதாவது ஓட்டுக்கும் நடுக்கருவுக்கும் இடையிலுள்ள தடித்த அடுக்கு (mantle). பார்த்தவர் மனதில் "உள்ளே முழுக்க நெருப்புக் குழம்பு" என்றுதான் பதியும். அந்தப் படத்தை மாற்றியே ஆக வேண்டும்.

கவசம் கெட்டியான பாறை. நிலநடுக்கத்தின் எஸ் அலைகள், அதாவது பாறையைக் குறுக்குவாட்டில் அசைத்தபடி செல்லும் அலைகள், திரவத்துக்குள் போகாது. ஆனால் கவசத்துக்குள் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை தாராளமாகப் போகின்றன. கவசம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கிறது, உண்மைதான். கெட்டியாக இருந்தபடியே நகர்கிறது.

நிறமும் சிவப்பில்லை. எரிமலை கக்கிய கரிய பசால்ட் கல்லை உடைத்தால், சில சமயம் நடுவே பச்சைக் கட்டி ஒன்று உட்கார்ந்திருக்கும். இளம்பச்சை ஆலிவின் மணிகள், ஊடே மரகதப் பச்சையில் பைராக்சீன்; இரண்டும் கனிமங்கள். மாக்மா, அதாவது உருகிய பாறைக் குழம்பு, மேலேறும் வழியில் பிய்த்துக்கொண்டு வந்த மேல்கவசத் துண்டு அது. பெரிடோடைட் என்று பெயர்.

அப்படியானால் மாக்மா எங்கிருந்து வருகிறது? பூமியின் மேற்புறம் பெரிய பாறைத் தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது; கடலடியில் அந்தத் தட்டுகள் விலகும் இடத்தில் கவசப் பாறை மேலேறுகிறது. யாரும் அடியில் தீ மூட்டவில்லை. மேலிருந்த அழுத்தம் குறைகிறது, அதனாலேயே உருகத் தொடங்குகிறது. அதுவும் முழுதாக இல்லை, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். முதலில் கரைவது பெரும்பாலும் பைராக்சீன். சிலிக்கா, அலுமினியம், கால்சியம், சோடியம் எல்லாம் குழம்போடு போக, மக்னீசியம் மிகுந்த ஆலிவின் பின்தங்கிவிடுகிறது. பச்சைப் பாறையிலிருந்து கரிய பசால்ட் பிறப்பது இப்படித்தான். 6, 7 கிலோமீட்டர் தடிமனுள்ள கடலடி மேலோடு முழுவதும் இந்தக் கசிவின் சேமிப்பு.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். புவிவேதியியலாளர்கள் எமிலி க்ளைனும் சார்ல்ஸ் லாங்மியூரும் 1987-இல் காட்டியது இது: கவசம் சூடாக இருந்தால் அதிகம் உருகும், மேலோடு தடிக்கும், பசால்ட்டில் சோடியம் நீர்த்துப்போகும். ஒரு துண்டுக் கல்லின் சோடியம், அடியில் எவ்வளவு உருகியது என்று சொல்லிவிடுகிறது! ஐஸ்லாந்தில் மேலோடு சில இடங்களில் 40 கிலோமீட்டர் வரை தடித்திருக்கிறது. ஆர்க்டிக் கடலடி மலைத்தொடரான காக்கெல் தொடரில் தட்டுகள் மிக மெல்ல விலகுவதால், மேலேறும் கவசம் சரியாக உருகுமுன்பே ஆறிவிடுகிறது. அங்கே சில இடங்களில் பசால்ட்டே இல்லை, கவசப் பாறைதான் கடல்தரை.

இளம் பூமி இன்னும் சூடாக இருந்தது. தென்னாப்பிரிக்காவின் கோமாட்டி ஆற்றோரம் கிடைக்கும் சுமார் 350 கோடி ஆண்டுப் பழைய கோமாட்டியைட் என்ற எரிமலைப் பாறை அதற்குச் சாட்சி. ஏறக்குறைய 1,600 டிகிரி செல்சியஸில் வழிந்த குழம்பு அது. இன்றைய பசால்ட் 1,200 டிகிரியை ஒட்டித்தான் வருகிறது.

கண்டங்களின் கதை வேறு. கவசத்தில் சிலிக்கா 45 சதவீதம், கண்ட மேலோட்டில் 60 சதவீதம். ஒரே உருகலில் இந்தத் தூரத்தைத் தாண்ட முடியாது. ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் அமிழும்போது கொண்டுபோகும் நீர் கவசத்தின் உருகுநிலையைக் குறைக்கிறது. அங்கே பிறக்கும் குழம்பு ஆறியும் படிகமாகியும், சில பகுதிகள் மறுபடி உருகியும்தான் சிலிக்கா மிகுந்த கண்டப் பாறையான கிரானைட் வரை வந்து சேர்கிறது.

பாடப்படம் வரைபவர்களுக்கு என் வேண்டுகோள்: மேல்கவசத்துக்காவது பச்சை பூசுங்கள். சிவப்பைச் சிறு புள்ளிகளாக, கடல்நடு மலைத்தொடர்களுக்கும் எரிமலைகளுக்கும் அடியில் மட்டும் வையுங்கள்.