மைத்துனரை வாங்கிய கதையும் 121 தோல்விகளும்

அமெரிக்க பேஸ்பால் அணியான சிகாகோ ஒயிட் சாக்ஸின் 2025 சீசனும் 60 வெற்றி, 102 தோல்வி என்று முடிந்துவிட்டது. 2023-இல் 101, 2024-இல் 121, 2025-இல் 102 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நூற்றுக்கு மேல் தோற்ற ஓர் அணியின் ரசிகர்கள் கூடும் இடத்தில் அமைதியான பேச்சை எதிர்பார்க்க முடியாது. நட்சத்திர ஆட்டக்காரர் லூயிஸ் ராபர்ட்டை முன்பே விற்றிருக்கலாமா, வைத்துக்கொண்டிருக்கலாமா. பெரிய ஒப்பந்தத்தில் வந்த பெனின்டெண்டியின் மிச்சச் சம்பளத்தை யார் தலையில் கட்டுவது. ஏழாவது இன்னிங்ஸில் மேனேஜர் வில் வெனபிள் பந்து வீசும் பிட்சரை மாற்றியது சரியா, தவறா என்று அலுவலகத்து மதியச் சாப்பாட்டு மேசையில் தொடங்கும் வாதம் மாலையில் ரெட் லைன் ரயிலில் ஏறியும் ஓய்வதில்லை. நானும் அதில் குரல் உயர்த்துகிறவன்தான். ஆனாலும் இந்த வாதங்களில் பெரும்பாலானவை, ஒழுகும் ஓட்டுக்கு அடியில் எந்தப் பாத்திரத்தை வைக்கலாம் என்ற வாதமாகவே எனக்குத் தோன்றுகின்றன. ஓட்டை மாற்ற வேண்டியவர் யார், அவர் ஏன் மாற்றவில்லை என்பதைப் பற்றித்தான் இந்த நீண்ட பதிவு.

முதலில் 2024-இல் மேனேஜராக இருந்த பெட்ரோ கிரிஃபோலை எடுத்துக்கொள்வோம். கிரிக்கெட் மட்டும் பார்க்கும் நண்பர்களுக்காக ஒரு சொல்: பேஸ்பாலில் மேனேஜர் என்பவர் பயிற்சியாளரும் கேப்டனும் சேர்ந்தவர் போன்றவர், யார் எந்த வரிசையில் அடிப்பது, எப்போது பிட்சரை மாற்றுவது எல்லாம் அவர் கையில். ஆனால் அணியில் யார் இருப்பது என்பதை முடிவு செய்பவர் ஜெனரல் மேனேஜர். 2024 ஜூலை 10-இல் தொடங்கித் தொடர்ச்சியாக 21 ஆட்டங்களில் தோற்று, பேஸ்பாலின் இரு பெரும் லீகுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் 1988-இன் பால்டிமோர் ஓரியோல்ஸ் வைத்திருந்த அவப்பெயரைச் சமன் செய்து, ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஓக்லாந்தில் ஒருவழியாக வென்றார்கள். இரண்டே நாளில் கிரிஃபோல் வெளியே. ரசிகர்கள் பட்டாசு வெடிக்காத குறைதான். அவர் திறமையான மேனேஜர் என்று நான் வாதாட வரவில்லை. 89 வெற்றி, 190 தோல்வி என்ற கணக்கை வைத்துக்கொண்டு யாரும் அப்படி வாதாட முடியாது. ஆனால் அவருக்குப் பிறகும் அணி தோற்றுக்கொண்டேதான் இருந்தது.

அந்த ஆண்டு செப்டம்பர் 24 இரவு நான் மைதானத்தில் இருந்தேன். அதற்கு முன் 120 தோல்விகள் ஆகியிருந்தன. அதாவது 1962-இன் நியூயார்க் மெட்ஸோடு சமநிலை. இன்னும் ஒன்று தோற்றால் நவீன பேஸ்பால் வரலாற்றிலேயே அதிகத் தோல்வி. எனக்கு முன்வரிசையில் தந்தையும் மகனுமாக இருவர், தலையில் காகிதப் பையைக் கவிழ்த்துக் கண்களுக்கு ஓட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெண்ணெயும் மிளகாய்த்தூளும் போட்ட சோளக் கோப்பையை மகன் அந்தப் பைக்குள் கொண்டுபோய்ச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஏஞ்சல்ஸ் அணி முன்னிலை பெற்றபோது சொந்த ஊர் மைதானத்தில் கைதட்டல் எழுந்தது. எட்டாவது இன்னிங்ஸில் ஒயிட் சாக்ஸ் மூன்று ஓட்டங்கள் எடுத்து 3-2 என்று வென்றதும் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. மகிழ்வதா, சாட்சியாக நிற்க வந்த சரித்திரம் கைநழுவியதற்கு வருந்துவதா? கடைசியில் எல்லாரும் சேர்ந்து கத்தியது ஒன்றே ஒன்றுதான்: ‘அணியை விற்றுவிடு’. அது ஆடியவர்களை நோக்கியோ மேனேஜரை நோக்கியோ எழுந்த குரல் அல்ல. 1981 முதல் உரிமையாளராக இருக்கும் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃபை நோக்கி எழுந்தது. மூன்று நாள் கழித்து டெட்ராய்டில் அந்த 121-ஆவது தோல்வி வந்தது. அதே ஆட்டத்தில்தான் டெட்ராய்ட் அணி பிளே-ஆஃபுக்குத் தகுதி பெற்றது என்பதால், எங்கள் வரலாற்றுத் தோல்வியின் பின்னணியில் ஷாம்பெயின் பாட்டில்கள் திறந்துகொண்டிருந்தன.

இந்த இடத்துக்கு எப்படி வந்தோம் என்று பார்க்க 2016 டிசம்பருக்குப் போக வேண்டும். நகரத்தின் வடபகுதி அணியான கப்ஸ் அப்போதுதான் 108 ஆண்டுக் காத்திருப்பை முடித்துக் கோப்பையை வென்றிருந்தது. சில ஆண்டுகள் வேண்டுமென்றே தோற்று, இளைஞர்களைச் சேர்த்து, பிறகு எழுவது என்பதுதான் அன்றைய வேதம். எங்கள் ஜெனரல் மேனேஜர் ரிக் ஹானும் நட்சத்திர பிட்சர் கிறிஸ் சேலை பாஸ்டனுக்குக் கொடுத்து யோவான் மோன்காடாவையும் மைக்கேல் கோபெக்கையும் வாங்கினார். மறுநாளே ஆடம் ஈட்டனைக் கொடுத்து ஜியோலிட்டோ, ரெய்னால்டோ லோபஸ், டன்னிங் மூவரையும் வாங்கினார். அடுத்த கோடையில் கின்டானாவைக் கப்ஸுக்கே கொடுத்து எலோய் ஹிமெனஸையும் டிலன் சீஸையும் பெற்றார். நான் இதையெல்லாம் ஆதரித்தவன். 2018-இல் 100 தோல்விகள் வந்தபோதுகூட, விதைநெல்லைத் தின்னக் கூடாது, பொறுத்திருங்கள் என்று மற்றவர்களுக்கு உபதேசம் செய்தவன். ஆகவே இன்று அந்த ட்ரேட்களை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அவை முட்டாள்தனமும் அல்ல. வாங்கிய சரக்கு நல்ல சரக்கு. அதைக் கொண்டுவந்து போட்ட வீடுதான் சரியில்லை.

வீடு சரியில்லை என்பதற்கு முதல் அடையாளம் 2019-இன் தொடக்கத்திலேயே தெரிந்தது. மேனி மச்சாடோ என்ற பெரிய நட்சத்திரம் சந்தையில் இருந்தார். ஒயிட் சாக்ஸ் என்ன செய்தது? அவருடைய மைத்துனர் யோண்டர் அலோன்சோவை வாங்கியது. அவருடைய நண்பர் ஜான் ஜேயையும் வாங்கியது. மச்சானை அழைத்து வந்து திண்ணையில் உட்கார வைத்தால் மாப்பிள்ளை தானாக வாசலுக்கு வந்துவிடுவார் என்ற கணக்கு போலும். மாப்பிள்ளை சான் டியகோவில் 30 கோடி டாலருக்கு மாலை மாற்றிக்கொண்டார். எங்களுக்கு மிஞ்சியது மைத்துனர். இதைச் சொல்லி நாங்கள் சிரிக்காத ஆண்டு இல்லை; ஆனால் அந்தச் சிரிப்புக்குள் இருக்கும் விஷயம் கசப்பானது. கேட்கும் விலையைக் கொடுக்க மனமில்லாதபோது உறவையும் பழக்கத்தையும் வைத்துக் காரியத்தை முடித்துவிடலாம் என்ற புத்தி இந்த அணி நிர்வாகத்தின் எல்லா முடிவுகளிலும் ஓடுகிறது.

அதன் உச்சம் 2020 அக்டோபர். சுருக்கப்பட்ட அந்த சீசனில் 35-25 என்று வென்று, 2008-க்குப் பிறகு முதன்முறையாக பிளே-ஆஃபுக்குப் போயிருந்தோம். இளம் அணி, முழு வேகத்தில் இருந்த அணி. மேனேஜர் ரிக் ரென்டெரியாவை நீக்கிவிட்டு அந்த இடத்துக்கு, 2011-க்குப் பிறகு மேனேஜராக எந்த அணியையும் நடத்தியிராத, 76 வயதான டோனி லா ரூசாவைக் கொண்டுவந்தார் ரைன்ஸ்டார்ஃப். 1986-இல் இதே அணியின் மேனேஜராக இருந்த அவரை நீக்க அனுமதித்ததுதான் தம் வாழ்நாள் வருத்தங்களில் ஒன்று என்பது ரைன்ஸ்டார்ஃப் பலமுறை சொன்ன செய்தி. 34 ஆண்டுக்கு முந்தைய தம் மனச்சுமையை இறக்கி வைக்க இன்றைய அணியின் மிக நல்ல காலத்தை அவர் பயன்படுத்திக்கொண்டார். லா ரூசா பெரிய மனிதர், மூன்று உலகத் தொடர்கள் வென்றவர், அதில் ஐயமில்லை. 2021-இல் 93 வெற்றிகளோடு பிரிவையும் வென்றோம் என்பதை மறைக்கவும் இல்லை. ஆனால் 2022 ஜூன் 9-ஆம் தேதி டாட்ஜர்ஸுடன் நடந்த ஆட்டத்தைப் பார்த்த எவராலும் அதை மறக்க முடியாது. ட்ரே டர்னருக்கு எதிராகக் கணக்கு ஒரு ‘பால்’ (எல்லைக்கு வெளியே போன வீச்சு), இரண்டு ஸ்ட்ரைக். இன்னும் ஒரு ஸ்ட்ரைக் விழுந்தால் ஆள் அவுட். அந்த நிலையில், அவரை வேண்டுமென்றே முதல் பேஸுக்கு அனுப்பிவிடும்படி சைகை காட்டினார் லா ரூசா. ‘இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது, டோனி!’ என்று இருக்கையிலிருந்து ஒரு ரசிகர் அலறியது தொலைக்காட்சியிலேயே கேட்டது. அடுத்து வந்த மேக்ஸ் மன்சி மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்தார். 11-9 என்று தோற்றோம்.

வீரர்களைச் சேர்த்த விதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் இதை விட்டுவிட்டு மேனேஜரை மட்டும் திட்டுகிறார்கள். 2021, 2022 ஆண்டுகளில் எங்களிடம் ஃபர்ஸ்ட் பேஸ் (முதல் தளக் காவல்) ஆடத் தெரிந்தவர்கள் கும்பலாக இருந்தார்கள்: அப்ரேயு, ஆண்ட்ரூ வான், ஷீட்ஸ். ஓடிப் பந்து பிடிக்க ஆள் இல்லை. விளைவு, ஃபர்ஸ்ட் பேஸ்காரர்கள் மைதானத்தின் வெளிப்பகுதியான அவுட்ஃபீல்டில் தலைக்கு மேல் போகும் பந்துகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ரைட் ஃபீல்டுக்கு ஒரு நல்ல ஆளை வாங்குங்கள் என்று ஆண்டுதோறும் கேட்டோம். வான் லெஃப்ட் ஃபீல்டுக்கும் ஷீட்ஸ் ரைட் ஃபீல்டுக்கும் அனுப்பப்பட்டார்கள். செகண்ட் பேஸில் இருந்த நிக் மாட்ரிகலைக் கொடுத்து கிரெய்க் கிம்ப்ரலை வாங்கினார்கள். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸை வீச ஏற்கெனவே லியம் ஹெண்ட்ரிக்ஸ் இருந்தபோது, கிம்ப்ரலை எட்டாவது இன்னிங்ஸில் போட்டு அவரும் வீணானார், செகண்ட் பேஸும் காலியானது. அணி வரலாற்றிலேயே மிகப் பெரிய ஒப்பந்தம் எதுவென்றால் 2023 ஜனவரியில் பெனின்டெண்டிக்குக் கொடுத்த 7.5 கோடி டாலர். எங்கள் பிரிவிலேயே உள்ள போட்டியாளரான கன்சாஸ் சிட்டி, எங்களைவிடச் சிறிய ஊர், 2023-இல் 106 தோல்விகள் கண்ட அணி; 2024 பிப்ரவரியில் பாபி விட் ஜூனியருக்கு 28 கோடி டாலருக்கும் மேல் எழுதிக் கொடுத்துவிட்டு, சில பிட்சர்களையும் வாங்கி, அதே ஆண்டு 86 வெற்றிகளோடு பிளே-ஆஃபுக்குப் போனது. அந்த வெற்றிகளில் 12 எங்களுக்கு எதிராகப் பெற்றவை.

2023 ஆகஸ்டில் ஹானும் நிர்வாகத் துணைத் தலைவர் கென் வில்லியம்ஸும் நீக்கப்பட்டபோது, இனியாவது வெளியிலிருந்து ஒருவர் வருவார், வீட்டைப் பிரித்து மேய்வார் என்று நம்பினேன். சில நாட்களிலேயே, வேறு யாரையும் நேர்காணல் செய்யாமல், உள்ளேயே இருந்த கிறிஸ் கெட்ஸ் ஜெனரல் மேனேஜராக்கப்பட்டார். அவருக்கு அமைப்பு தெரியும், அதனால் வேகமாகச் சரிசெய்வார் என்பது சொல்லப்பட்ட காரணம். அந்த அமைப்பில் 2016 முதல் இளம் வீரர்களை வளர்க்கும் துறைக்குத் தலைமை தாங்கியவரே கெட்ஸ்தான் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். மோன்காடாவும் எலோயும் கோபெக்கும் எதிர்பார்த்த உயரத்தை எட்டாததற்குக் காயங்களும் காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரெய்னால்டோ லோபஸ் எங்களிடம் மாற்று பிட்சர்கள் காத்திருக்கும் புல்பென்னில் கிடந்தவர், அட்லாண்டா போய்த் தொடக்க பிட்சராகி 2024-இல் ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.99 ஓட்டம் மட்டுமே விட்டுக்கொடுத்த சராசரியோடு ஆல்-ஸ்டார் ஆனது எப்படி? 2025-இல் எங்கள் சட்டையில் .189 சராசரியில் அடித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ வான், ஜூனில் மில்வாக்கிக்கு ட்ரேட் செய்யப்பட்டு, அங்கே முதல் முறை மட்டை பிடித்தபோதே ஹோம் ரன் அடித்து, .308 என்று சீசனை முடித்தது எப்படி? ஆள் அதே ஆள். மண்தான் வேறு.

இன்னும் கொஞ்சம் தோற்றால், அணிகள் வரிசையாக இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் ஆளை எடுக்கலாமே என்று சொல்லும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது லாட்டரி முறை இருக்கிறது. பெரிய ஊர் அணிகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்த லாட்டரியில் இடம் பெற முடியாது. அதனால்தான் 121 தோற்றும் 2025 டிராஃப்டில் எங்களுக்கு 10-ஆவது இடம்தான் கிடைத்தது. தோற்றதற்குக் கூலிகூடக் கிடைக்காத தோல்வி அது.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால் கெட்ஸின் பக்கமும் சில வரவுகள் உண்டு. வெனபிளை வெளியிலிருந்து கொண்டுவந்தார். பிட்சர் கேரட் குரோஷேயை பாஸ்டனுக்குக் கொடுத்தபோது நான் கொதித்தேன். ஆனால் பதிலுக்கு வந்த கைல் டீலும் மெய்ட்ராத்தும் அணியில் நிலைத்துவிட்டார்கள். மில்வாக்கி பாதுகாக்காமல் விட்டிருந்த ஷேன் ஸ்மித்தை ரூல் 5 டிராஃப்டில் எடுத்து ஆல்-ஸ்டார் ஆக்கியிருக்கிறார்கள். ஜூலையில் வந்த கோல்சன் மான்ட்கோமரி 71 ஆட்டங்களில் 21 ஹோம் ரன் அடித்தார். அவரை ஷார்ட்ஸ்டாப்பிலேயே விட்டுவிடுங்கள், தயவுசெய்து ஃபர்ஸ்ட் பேஸ்காரர்களைப் படுத்திய பாட்டை இவருக்கும் தராதீர்கள். ராபர்ட்டைப் பற்றிய என் கருத்து: 2023-இல் 38 ஹோம் ரன் அடித்த உடனே விற்றிருக்க வேண்டும். விலை இறங்கிய பிறகு, போட்ட காசைப் பிடிவாதமாகக் கேட்டுக்கொண்டு நின்றதும் அந்த மைத்துனர் காலத்துக் கணக்குதான்.

ஒழுகும் ஓட்டை மாற்றுவதைப் பற்றித் தொடக்கத்தில் சொன்னேன். 2025 ஜூனில் முதலீட்டாளர் ஜஸ்டின் இஷ்பியாவுடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, 2029 முதல் 2033 வரை எப்போது வேண்டுமானாலும் பெரும்பான்மைப் பங்கை விற்கும் விருப்பம் ரைன்ஸ்டார்ஃபுடையது. வாங்கும் உரிமை இஷ்பியாவின் கைக்கு வருவது 2034 சீசனுக்குப் பிறகு. அந்த ஒப்பந்தத்தின்போதே ரைன்ஸ்டார்ஃபுக்கு 89 வயது. மதியச் சாப்பாட்டு மேசையில் இந்தக் கணக்கைச் சொன்னபோது, பெனின்டெண்டியைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டிருந்த நண்பர் கைவிரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தார். அவருடைய மகள் இப்போது நான்காம் வகுப்பு.