சிவப்பு கிளவுஸ் போட்டால் ஜெயிப்பது உறுதியா?

"சிவப்பு மூலையில் நிற்கிறவன்தான் ஜெயிப்பான், விஞ்ஞானமே சொல்லிடுச்சு, பசங்களுக்கு சிவப்பு கிளவுஸ் வாங்குங்க" என்று வியாசர்பாடி, காசிமேடு பாக்ஸிங் குரூப்புகளில் ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. பாதி உண்மை, அதுதான் தொல்லை.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் குத்துச்சண்டை, மல்யுத்தம், டேக்வாண்டோவை ஆராய்ந்த கட்டுரை 2005-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. சிவப்புக்குக் கிடைத்தது சுமார் 55 சதவீத வெற்றி, அந்தச் சாதகமும் பலம் சமமான ஜோடிகளில்தான் தெரிந்தது. பின்னர் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் பல ஒலிம்பிக்குகளைச் சேர்த்துப் பார்த்தபோது கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி! இரண்டையும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம்.

மேடையில் யாருக்குச் சிவப்பு மூலை, யாருக்கு நீல மூலை என்பதைப் போட்டி ஏற்பாட்டாளர்கள்தான் ஒதுக்குவார்கள், நாம் கேட்டு வாங்க முடியாது. கிளவுஸ் வாங்கும்போது பேண்டேஜ் சுற்றிய கையோடு போட்டுப் பாருங்கள். மணிக்கட்டில் பட்டை தளர்ந்தால் குத்தும்போது கை மடங்கிச் சுளுக்கும்.

கூடவே வரும் "சிவப்பைக் கண்டால் காளை முட்டும்" வரியும் தப்பு. மாட்டுக் கண்ணில் சிவப்பைப் பிரித்தறியும் செல்லே இல்லை. துணி ஆடுவதுதான் அதைச் சீண்டுகிறது. ஃபார்வர்டு வந்தால் உங்களோடு நிறுத்திவிடுங்கள்.