மூணு பல்லுக்கு பில்லில் ஒரே வரியா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பல் பிரிட்ஜ் (விழுந்த பல்லின் இடத்தைப் பக்கத்துப் பற்கள் தாங்க நிரப்பும் பொய்ப்பல் அமைப்பு) செலவுக்கான கிளெய்ம் ஏன் திரும்பி வருகிறது என்று பில்லைப் பிரித்துப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. கிளினிக்கில் மூன்று பல்லையும் ஒரே வரியில் அடித்துவிடுகிறார்கள்! 46-ஆம் எண் பல் விழுந்துபோய் பக்கத்திலுள்ள 45, 47 தாங்குகிறது என்றால் மூன்று வரி, ஒவ்வொன்றிலும் பல் எண். நடுவில் தொங்குவது கிரவுன் (பல் மேல் மாட்டும் உறை) இல்லை, பொய்ப்பல். அதற்குக் குறியீடே வேறு. நோயைக் குறிக்கும் ஐசிடி-10 குறியீடும் கட்டாயம்.

எக்ஸ்ரே அதைவிட மோசம். வேர் நுனி வெட்டுப்பட்ட படத்தை வைத்து யார் அனுமதி தருவார்? பிரிட்ஜுக்காகப் பல்லைச் செதுக்கிய பிறகு பழைய படத்துக்கு எங்கே போவது? செதுக்கும் முன்னே எடுத்து, மெடிக்கல் எய்டிடம் (மருத்துவச் செலவைத் தரும் திட்டம்) முன் அனுமதி வாங்குங்கள்.

சிகிச்சை முடிந்த மாதத்தை அடுத்து வரும் நான்காம் மாதக் கடைசி நாளுக்குள் கிளெய்ம் போய்ச் சேர வேண்டும். தப்பென்று திருப்பினால், திருத்த 60 நாள். அதுவரை கைக்காசு போட்டுவிட்டுக் காத்திருப்பது டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் ஓய்வூதியக்காரர்.