நெற்றியில் எழுதிய நேரம்

போர்க்கால மருத்துவம் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். போர்க்கள மருத்துவம் என்றாலே அறுவை சிகிச்சைதான் என்பதுபோல் அது போகிறது. பாதிதான் சரி. கால் கிழிந்து ரத்தம் பீறிட்டால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். அறுவை அரங்கு வரை வந்து சேர்வதே பெரும்பாடு. அதனால் காயத்துக்கு மேலே பட்டையால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை நெற்றியிலேயே பேனாவால் எழுதி அனுப்புவதுண்டு. இரண்டு மணி நேரம் தாண்டினால் காலுக்கே ஆபத்து கூடும். அடுத்த மருத்துவரின் கண் முதலில் தேடுவது அந்த எழுத்தைத்தான்.

அகதி முகாமில் கதையே வேறு. 1994-இல் ருவாண்டாவிலிருந்து அண்டை நாடான காங்கோவின் (அன்று ஜைர்) கோமா நகருக்கு ஓடிவந்தவர்களில் பல்லாயிரம் பேரைக் காலராவும் சீதபேதியும் சில வாரங்களில் அள்ளிக்கொண்டு போயின. அங்கே தேவைப்பட்டது சுத்தமான தண்ணீர், உப்பு-சர்க்கரைக் கரைசல், கழிப்பறை. (கழிப்பறைக்கு யார் படம் எடுத்துப் போடுகிறார்கள்!) குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசியும் முதல் நாட்களிலேயே போட்டாக வேண்டும்.

‘எதிரி வீரனுக்கு ஏன் வைத்தியம்?’ என்று கட்டுரையாளர் கேட்பதுதான் உறுத்துகிறது. போரில் காயம்பட்டவர்களைக் காக்கும் 1949 ஜெனீவா உடன்படிக்கைகளின்படி, யாருக்கு முதலில் சிகிச்சை என்பதைக் காயம்தான் முடிவு செய்யும், சீருடை அல்ல. எதிரி வீரனை வைத்தியம் பார்க்காமல் திருப்பி அனுப்பும் மருத்துவமனையை அவன் தரப்பு நாளை விட்டுவைக்குமா?