ரோபோ தானாக வெட்டுவதில்லை

சிறுநீரகக் கட்டியை ‘ரோபோவே துல்லியமாக அகற்றிவிடும்’ என்று ரோபோ அறுவை சிகிச்சை பற்றிய உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். படிப்பவர் ஒன்று பயந்துவிடுவார், இல்லை அளவுக்கு மீறி நம்பிவிடுவார். ரோபோ தானாக எதையும் வெட்டுவதில்லை. சற்றுத் தள்ளி உட்கார்ந்திருக்கும் டாக்டரின் கை அசைவைத்தான் அந்தக் கருவி வயிற்றுக்குள் செய்கிறது.

என் மாமனாருக்குப் போன வருடம் 3 செ.மீ. கட்டி. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப் போய்த் தற்செயலாகத் தெரிந்தது. நாங்கள் முதலில் விசாரித்ததே ‘ரோபோ இருக்கிறதா’ என்றுதான். கேட்டிருக்க வேண்டியது வேறு: சிறுநீரகத்தையே எடுப்பீர்களா, கட்டியை மட்டுமா? 4 செ.மீ.க்கு உட்பட்டது என்றால் பெரும்பாலும் கட்டியை மட்டும் எடுத்து மிச்சத்தைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள். அதற்காகச் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாயைக் கொஞ்ச நேரம் கிளிப் போட்டு அடைப்பார்கள். வெட்டுவது, தைப்பது எல்லாம் அரை மணிக்குள் முடிந்தால் நல்லது. ரோபோ கைகொடுப்பது இங்கேதான். ஆனால் அந்த வேகம் டாக்டரின் பழக்கத்தில் வருவது. இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

அப்புறம், சின்னக் கட்டிகளில் ஏறக்குறைய 5-ல் 1 புற்றுநோயே அல்ல. வயதானவர்களுக்கு உடனே கத்தி வைக்காமல் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கவனித்து வருவதும் உண்டு. கட்டுரை இதைத் தொடவே இல்லை.

செலவு விஷயம்: ரோபோ சிகிச்சைக்கென்று தனி உச்சவரம்பு வைத்திருக்கும் காப்பீட்டு பாலிசிகள் இருக்கின்றன. எங்களுக்கு அது டிஸ்சார்ஜ் அன்று பில் கவுண்டரில்தான் தெரிந்தது.