அறிக்கையைக் கொடுக்காமலே டிஸ்மிஸ் செய்தார்கள், வழக்கே அதுதான்

"ஓட்டையைப் பிடித்துத் தப்பிவிட்டான்" என்று, டிஸ்மிஸ் உத்தரவு தீர்ப்பாயத்தில் ரத்தான ஓர் அரசு ஊழியரைப் பற்றி, கேரள எல்லையில் இருக்கும் நம் கொழிஞ்சாம்பாறையிலேயே பேசுகிறார்கள். கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. யாரைச் சொல்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அந்த அண்ணன் பெயரை நான் இங்கே இழுக்கப்போவதில்லை.

பணம் குறைந்ததாகச் சார்ஜ் மெமோ, அதாவது எழுத்தில் குற்றச்சாட்டு, கொடுத்தார்கள். என்கொயரி நடந்தது. விசாரணை அதிகாரி அறிக்கை எழுதி மேலே அனுப்பினார். அந்த அறிக்கையை அண்ணன் கண்ணிலேயே காட்டாமல் டிஸ்மிஸ் உத்தரவு வந்துவிட்டது. அவர் பணம் வாங்கியதாக அறிக்கை சொல்லும் நாளில் அவர் விடுப்பில் இருந்தார். விடுப்புப் பதிவு அதே அலுவலகத்தில்தான் கிடக்கிறது. அறிக்கை கைக்கு வந்திருந்தால் ஒரே வரியில் பதில் எழுதியிருப்பார். எர்ணாகுளத்தில், அரசு ஊழியர்களின் பணி வழக்குகளை விசாரிக்கும் கேரள நிர்வாகத் தீர்ப்பாயம் கேட்டதும் இதைத்தான்: ஏன் கொடுக்கவில்லை?

இது சும்மா டெக்னிக்கல் பாயின்டாம். அரசியலமைப்பின் 311ஆவது பிரிவு, குற்றச்சாட்டைச் சொல்லி, பதில் சொல்ல நியாயமான வாய்ப்புக் கொடுத்து விசாரிக்காமல் அரசு ஊழியரை வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்கிறது. அதற்குச் சில விதிவிலக்குகள் உண்டு, இந்த வழக்கு அதில் சேராது. 1993இல் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், தண்டனையை முடிவு செய்வதற்கு முன் விசாரணை அறிக்கையின் நகலை ஊழியருக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். நகல் வரவில்லை என்று மட்டும் சொன்னால் உத்தரவு ரத்தாகாது, அதனால் தனக்கு என்ன பாதிப்பு என்று காட்டவேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அண்ணன் காட்டினார். விடுப்புப் பதிவைக் காட்டினார்.

அப்புறம், தப்பிவிட்டான் என்பதே தப்பு. தீர்ப்பாயம் அவரை நிரபராதி என்று சொல்லவில்லை. அறிக்கையைக் கொடுங்கள், பதிலை வாங்குங்கள், அந்தக் கட்டத்திலிருந்து தொடருங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறது. அதுவரை அவர் சஸ்பென்ஷனில் பிழைப்பூதியம், அதாவது சம்பளத்தில் ஒரு பகுதி மட்டும், வாங்கிக்கொண்டு இருக்கப்போகிறார். இதுவா தப்பித்தல்?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், எங்கள் சித்தப்பாவுக்கும் இப்படித்தான் உத்தரவு வந்தது. 2010இல் இந்தத் தீர்ப்பாயம் வருவதற்கு முன்னால் நடந்தது அது. அப்போது நேராக ஹைகோர்ட்டுக்குத்தான் போகவேண்டும். யூனியன்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்து கூப்பிட்டார். ஆத்தாதான், "கோர்ட்டுப் படி ஏறினா நாம தப்புப் பண்ணீட்டோம்னு ஊரே சொல்லுமே சாமி" என்று அழுது தடுத்துவிட்டார். ஏறாமல் இருந்தபோதும் ஊர் சொல்லத்தான் செய்தது. டிஸ்மிஸ் ஆனவருக்குப் பென்ஷன் கிடையாது, வேறு அரசு வேலையும் கிடைக்காது. அரசு அலுவலகத்தில் ஃபைல் பார்த்த மனுஷன் கடைசிவரை தேங்காய்க் களத்தில் மூட்டைக் கணக்கு எழுதினார். அவரிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவர் குற்றம் செய்தாரா என்பதே இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. விசாரித்திருந்தால்தானே தெரியும்?

ஊழல் செய்தவனும் இப்படித் திரும்பி வருவானே என்கிறீர்கள். வரலாம். அவனை ஒழுங்காக விசாரித்து அனுப்பியிருந்தால் வரமாட்டான். விசாரணையைக் கெடுத்த அதிகாரியை விட்டுவிட்டு, அது கெட்டுப்போனதைக் காட்டிய ஊழியரை ஏன் திட்டுகிறீர்கள்? மக்கள் வரிப்பணம் வீண் என்றால் அதற்கும் அந்த அதிகாரியிடம்தான் கணக்குக் கேட்கவேண்டும். ஒருத்தராவது கேட்டீர்களா? அண்ணன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போது அவர்கள் காதுபடப் பேசத்தான் உங்களுக்குத் தெரிகிறது.

எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சியில் இருக்கும் அரசு ஊழியருக்கு இந்த வசதியும் இல்லை. தமிழ்நாட்டுத் தீர்ப்பாயத்தை 2006இல் மூடியாகிவிட்டது, நேராகச் சென்னை ஹைகோர்ட்தான். நமக்கு இருக்கும் வழியையும் அவமானம் என்று சொல்லி அடைக்காதீர்கள். மெமோ வாங்கிவிட்டு வெளியே சொல்லாமல் உட்கார்ந்திருக்கும் நம் ஆட்களுக்கும் சொல்கிறேன். தண்டனை உத்தரவு வந்தால் முதலில் துறைக்குள்ளேயே அப்பீல் போடுங்கள். அதில் இறுதி உத்தரவு வந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் தீர்ப்பாயம் போகவேண்டும். அப்பீல் போட்டு ஆறு மாதமாகியும் பதில் இல்லையென்றால், அங்கிருந்து ஒரு வருடம். வருடம் தாண்டினால் தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டவேண்டியிருக்கும். ஊர் பேசுமே என்று பயந்தேன் என்றால் எடுபடாது.

அண்ணனுக்கு அறிக்கை வந்ததும் அவர் தமிழிலேயே பதில் எழுதப்போகிறார். குறை தீர்க்கக் கேட்டு அரசுக்குக் கொடுக்கும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ பயன்படும் எந்த மொழியிலும் எழுதலாம் என்ற உரிமையை அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு எல்லோருக்கும் கொடுத்திருக்கிறது. எழுதும்போது நானும் அவருடன் உட்காரப்போகிறேன், யார் என்ன பேசினாலும்.