கரோக்கி வட்டிலுள்ள சிடிஜி கோப்பு வைரஸ் அல்ல

கரோக்கி பாடல் தொகுப்புகளில் எம்பி3 கோப்புடன் வரும் 'சிடிஜி' கோப்பு ஒரு வைரஸ் என்றும், பாடல் வரிகள் எம்பி3-க்குள்ளேயே இருப்பதால் அதை உடனே அழித்துவிடலாம் என்றும் ஒரு வாட்ஸ்அப் செய்தி பரவி வருகிறது. இரண்டுமே தவறு.

சிடி பிளஸ் ஜி (இசையுடன் எளிய படங்களையும் கொண்ட கரோக்கி சிடி) வகை வட்டில், இசைத் தரவுக்குப் பக்கத்தில் ஓடும் எட்டுத் துணைத்தடங்களில் ஆர் (R) முதல் டபிள்யூ (W) வரை பெயரிடப்பட்ட ஆறில்தான் வரிகளின் படம் பதியப்பட்டிருக்கிறது. சாதாரண சிடி பிளேயர் அவற்றைப் படிப்பதில்லை என்பதால் அதில் பாட்டு மட்டும் கேட்கும். வட்டைக் கணினிக்கு மாற்றும்போது இசை எம்பி3 ஆகவும், அந்தப் படத்தரவு சிடிஜி ஆகவும் பிரிகின்றன. ஒரே பெயரில், ஒரே கோப்புறையில் இருந்தால்தான் கரோக்கி மென்பொருள் இரண்டையும் இணைத்து இயக்கும். சிடிஜியை அழித்தால் திரையில் வரிகள் வரமாட்டா.

இதை நீங்களே சரிபார்க்கலாம். சிடிஜியில் ஒரு விநாடிக்கு 7,200 பைட்டுகள் என்பது மாறாத கணக்கு. ஆகவே நான்கு நிமிடப் பாடலுக்கு அது ஏறத்தாழ 1.7 எம்பி இருக்கும். இலவச விஎல்சி பிளேயரில் அந்தக் கோப்பை மட்டும் திறந்தால், ஒலியில்லாமல் வரிகள் நகர்வதைக் காணலாம். (16 வண்ணங்களுக்குள் அடங்கிய அந்தப் பழைய படம் அழகாக இராது, அது கோப்பின் குற்றமன்று.)

தொகுப்பில் 'இஎக்ஸ்இ' (.exe) என்று முடியும் கோப்பு, அதாவது திறந்தால் கணினியில் இயங்கும் நிரல், இருந்தால் அதை மட்டும் திறக்காதீர்கள். பாடலுக்கு அது தேவையில்லை. அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தை அனுப்புங்கள்.